பட்டினிக் குடுவைகள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஸ்பிரிட் தானாக ஆவியாகிவிட்டது என்பார்கள். பீக்கர் கைபடாமலே உடைந்தது என்பார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன், ஒன்றையும் நம்ப மாட்டேன். என் பெயர் ஆதிமூலம். முதுகுக்குப் பின்னால் பையன்கள் என்னை சி.ஐ.டி. என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையில் ஒரு மனிதனுடைய பிழைப்பைக் கெடுத்தேன். அவன் பெயர் சகாதேவன்.

அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். எழுபதாம் வருடம் கல்லூரிக் கட்டிடத்துக்குத் தண்ணீர் தூக்க வந்தவன், கட்டிடம் முடிந்த பிறகும் போகவில்லை. தினக்கூலி அட்டெண்டராக ஒட்டிக்கொண்டான். படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் கை இருக்கிறதே, அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி நூல் மாதிரி இழுப்பான். குடுவையின் பஞ்சு அடைப்பை எடுத்து, வாயை விளக்குச் சுடரில் காட்டி, உள்ளே விட வேண்டியதை விட்டு மூடுவதற்குள் ஒரு கிருமி உள்ளே போகாது. எம்.எஸ்சி. படித்துவிட்டு வந்தவர்களுக்கே அந்த வேலையில் பாதி நாள் பூஞ்சை பிடித்துவிடும்.

அவனிடம் ஒரு பைத்தியம் உண்டு. பசியைப் பார்க்க அவனால் முடியாது. நாளைக்கு அறுக்கப்போகிற தவளைக்கு இன்றைக்குப் பூச்சி பிடித்துப் போடுவான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு அவன் ஊர் மடத்தில் சாப்பாடு போடுவார்கள். அதில் பந்தி விசாரிப்பது அவன்தான். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போவான், ஒரு இலையில் ஒரு கரண்டி குறைந்தால் திரும்பி வந்து ஊற்றுவான். நானே ஒருமுறை அங்கே சாப்பிட்டேன். போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன், கை மேலேயே ஊற்றிவிட்டான்.

ஒன்பது வருடம் தினக்கூலியாகவே ஓடிவிட்டது. கோடை விடுமுறையில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. வீட்டில் மனைவி தனம், இரண்டு பெண் குழந்தைகள். எழுபத்தொன்பதாம் வருடம் கடைசியில்தான் விடிவு வந்தது. கல்லூரிக் கமிட்டி தை மாதம் கூடி அவனை நிரந்தரமாக்கப் போகிறது என்று முதல்வர் கோதண்டராமன் சொன்னார். அவன்மீது புகார் எதுவும் இல்லை என்று நான் ஒரு தாள் எழுதித்தர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த வருடம்தான் சந்திரகலாவின் ஈஸ்ட் வந்து சேர்ந்தது.

சந்திரகலா தாவரவியல் விரிவுரையாளர். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்ட குடும்பம், அந்த வீட்டில் முதலில் படித்த பெண். டாக்டர் பட்டத்துக்குச் சென்னைப் பேராசிரியர் பரசுராமனிடம் பதிவு செய்திருந்தாள். ரொட்டி உப்பப் போடுவார்களே அந்த ஈஸ்ட், அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. இதற்கு ஒரு டாக்டர் பட்டமா என்று நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஈஸ்ட் ஒரே ஒரு செல்லுங்க. நம்ம உடம்பும் செல்லுதான். அது எதனால சீக்கிரம் சாவுது, எதனால தாங்குதுன்னு தெரிஞ்சா, நம்மளப் பத்தியும் கொஞ்சம் தெரியும்" என்றாள்.

செய்முறை எளிது. ஆறு குடுவைகள். மூன்றில் முழுச் சர்க்கரை, மூன்றில் கால் பங்கு. எல்லாவற்றிலும் ஒரே ஈஸ்ட். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு துளி எடுத்து, தண்ணீரில் கலந்து, அகார் என்கிற ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவி வைப்பாள். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு செல்லும் இரண்டு நாளில் கடுகளவு வெள்ளைப் புள்ளியாக வளர்ந்து நிற்கும். செத்தது வளராது. புள்ளியை எண்ணினால் எத்தனை பிழைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோடை விடுமுறையில் தனியாக உட்கார்ந்து முதல் தடவை செய்தாள். முழுச் சர்க்கரை தின்றவை மூன்று வாரத்தில் செத்துப்போயின. பட்டினி கிடந்தவை ஐந்து வாரம் தாண்டியும் புள்ளி புள்ளியாக முளைத்தன. நிறையத் தின்றது செத்ததாம், பட்டினி கிடந்தது பிழைத்ததாம்! நான் நம்பவில்லை. பேராசிரியர் பரசுராமனும் நம்பவில்லை. திரும்பச் செய், முடிந்ததும் தட்டுகளோடு நேரில் வா என்று எழுதினார்.

ஜூலையில் திரும்பச் செய்தாள். இந்தத் தடவை வகுப்புகள் நடந்துகொண்டிருந்ததால், தினம் காலையும் மாலையும் குடுவைகளைக் குலுக்கி வைக்கும் பொறுப்பைச் சகாதேவனிடம் விட்டாள். ஆறு குடுவைகளும் மூன்றே வாரத்தில் ஒன்றாகச் செத்தன. வித்தியாசமே இல்லை.

அந்தத் தட்டுகளைப் பார்த்த பேராசிரியரிடமிருந்து செப்டம்பரில் கடிதம் வந்தது. சந்திரகலா அதை என் மேஜைமேல் வைத்தாள். முதல் முடிவை நீ உட்கார்ந்த இடத்தில் எழுதிக்கொண்டாய் என்று நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது, மார்கழி முடிவதற்குள் இரண்டு முடிவும் ஏன் மாறின என்று ஆதாரத்தோடு விளக்காவிட்டால் உன் பதிவை ரத்து செய்யச் சொல்வேன் என்று இருந்தது.

"நான் பொய்க் கணக்கு எழுதல சார்" என்றாள்.

"நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. ஆனா உங்க குளுக்கோஸ்ல கலப்படம் இருக்குமோன்னு எனக்கு ஒரு இது..."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஊரையே சந்தேகப்படுகிறவனை ஒருத்தி சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும்? என் ஸ்டோரிலிருந்து சுண்ணாம்பு கலந்த பொருள் போகாது என்று கத்தினேன். கத்திவிட்டு, அவள் போனதும் போய்ப் பார்த்தேன். குளுக்கோஸ் டப்பா சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வுக்கூட அலமாரியில் அவள் கரைத்து வேகவைத்து மூடி வைத்திருந்த குளுக்கோஸ் கரைசல் பாட்டில் பாதிதான் இருந்தது. அவள் எடுத்தது கால்வாசிகூட இருக்காது.

மீதி எங்கே போயிற்று?

அலமாரிச் சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று சந்திரகலாவிடம், இன்னொன்று சகாதேவனிடம். அவனோ கல்லூரி திறப்பதற்கு முக்கால் மணி முன்பே வந்துவிடுகிறான். ஏன் வர வேண்டும்? கூலி ஒன்றும் கூடப் போவதில்லை. சர்க்கரைக் கரைசலும் ஈஸ்ட்டும் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அப்போது மதுவிலக்குக் காலம். மலைக்குப் பின்னால் சாராய ஊறல் போடுகிறவர்களைப் போலீஸ் துரத்திக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. பொருந்தியதில் ஒரு சந்தோஷமும் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீதே எரிச்சல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அவன் மடத்தில் விறகு பிளக்கப் போயிருந்தான். தனம் பாயைப் போட்டு உட்காரச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் நிழலில் ஒரு பானை துணி கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போன சமயம் நான் எழுந்து போய்த் துணியை விலக்கி மூக்கை விட்டேன். புளித்த வாடை கும்மென்று அடித்தது.

"இன்னாங்க சார், மோந்து பாக்குறீங்க?" செம்போடு தனம் நின்றுகொண்டிருந்தாள்.

"சும்மாதான்... என்ன பானைன்னு..."

"கேவுரு கூழுங்க. நேத்து கரைச்சது. பசிக்குதுன்னா வாயைத் தொறந்து கேக்கலாம் இல்ல?" என்று சொல்லி ஒரு செம்பு நிறைய மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தாள். வெங்காயமும் கொடுத்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பானை வீட்டில் இல்லையென்றால் காட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்கூடத்துக் குளுக்கோஸ் காணாமல் போகிறது, சகாதேவன்மீது சந்தேகம், ஈஸ்ட்டும் அவன் வசம் இருப்பதால் விஷயம் பெரிதாக இருக்கலாம். நல்லவன் என்று எழுதித்தர வேண்டிய தாளுக்குப் பதிலாக இதைக் கொடுத்தேன். கோதண்டராமன் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டார். "கையும் களவுமா இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா தைக்குள்ள இதை வாபஸ் வாங்கிக்குங்க, பாவம்" என்றார்.

கார்த்திகை பிறந்ததும் சந்திரகலா மூன்றாம் தடவை ஆரம்பித்தாள். மறுபடியும் ஆறு குடுவைகள், ஒரே அலமாரித் தட்டில், வரிசையாக. ஒன்று முழுச் சர்க்கரை, அடுத்தது கால் பங்கு, மறுபடி முழுசு, மறுபடி கால் பங்கு. வெயிலோ காற்றோ ஒரு பக்கமாகப் பாதிக்கக் கூடாது என்று அப்படி மாற்றி மாற்றி வைப்பார்களாம். குலுக்குகிற வேலை சகாதேவனுக்குத்தான்.

இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கே வந்து நான் ஸ்டோர் கதவிடுக்கில் நின்றேன். சகாதேவன் வந்தான். செருப்பை வெளியே விட்டான், கை கழுவினான், விளக்கு ஏற்றினான். அலமாரியைத் திறந்து குளுக்கோஸ் பாட்டிலை எடுத்தான். பிடித்தேன் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள்ளிருந்து சீசாவை எடுப்பான் என்று காத்திருந்தேன். அவன் பிப்பெட் குழாயை எடுத்தான். இரண்டாம் குடுவையின் பஞ்சை நீக்கி, சுடரில் காட்டி, ஒரு பிப்பெட் கரைசலை விட்டு மூடினான். நான்காவதுக்கும் அப்படியே. ஆறாவதுக்கும் அப்படியே. அவசரமே இல்லை. கடைசியில் ஆறாவதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சொட்டு விட்டான்.

"டேய், என்னடா பண்றே?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

அவன் திருடன் மாதிரி விழிக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டான். "ஒண்ணுமில்ல சார். இந்த மூணுத்துக்கும் அம்மா கம்மியா போட்டிருக்காங்க."

"அதுதானே ஆராய்ச்சி!"

"தெரியும் சார். கம்மியா போட்டா இன்னா ஆவுதுன்னு பாக்குறாங்க. இன்னா ஆவும்? செத்துப் பூடும். அது எனக்கே தெரியும், அதுக்கோசரம் மூணு உசுரைப் பட்டினி போடணுமா? அதுவும் ஒரே வரிசையில, இதுக்கு முழுசா, பக்கத்துல இருக்கிறதுக்குக் கால் வயிறு. பந்தியில வஞ்சனை பண்றது எவ்ளோ பெரிய பாவம் சார். அம்மா படிச்சவங்க, நல்லவங்க, அவங்களுக்கு அந்தப் பாவம் வரக்கூடாதுன்னுதான் நானே தெனம் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கினு இருந்தேன்."

"ஜூலையிலயும்?"

"ஆமா சார். அப்பவும்தான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுசில் எத்தனையோ சாக்குப்போக்குக் கேட்டிருக்கிறேன். ஒருவன் சொன்னதை அப்படியே நம்பியது அன்றைக்குத்தான்.

சந்திரகலாவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறையில், அவளிடம் மட்டும் சாவி இருக்கிற அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஏழாவதாக ஒரு குடுவை இருந்தது. அதே நாளில், அதே ஈஸ்ட்டைப் போட்டு, கால் பங்குச் சர்க்கரையோடு, யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்திருக்கிறாள். என்னையும் சகாதேவனையும் வாட்ச்மேனையும் எல்லோரையும் அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது.

விஷயம் முதல்வர் அறைக்குப் போயிற்று. நாங்கள் நான்கு பேர் மட்டும். என் புகாரும் பேராசிரியரின் கடிதமும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கோதண்டராமன் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சகாதேவா, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். ஈஸ்ட் மேல இரக்கப்பட்டு சோறு போட்டான்னு கமிட்டிக்கு எழுதினா சிரிப்பாங்க. அப்புறம் ஆராய்ச்சியைக் கெடுத்தவன்னு ஆத்திரப்படுவாங்க. ஆறு மாச வேலை போச்சு, சென்னை வரைக்கும் கல்லூரிப் பேர் கெட்டுது. உன்னை ஒருநாள் வெச்சுக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா, கொழந்தைங்களுக்குக் கொடுக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னு எழுதிக் குடு. சின்னத் தப்பு. ஒரு வார்னிங்கோட முடிச்சுடறேன். தையில நிரந்தரமும் ஆயிடும்."

நியாயம்தான். திருட்டு என்றால் எல்லோருக்கும் புரியும், மன்னிக்கவும் முடியும். நானும் அவன் காதருகே குனிந்து, "எழுதிக் குடுத்துடுடா. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். அப்படி எழுதினால் சந்திரகலாவுக்கு விளக்கம் கிடையாது என்று எனக்குத் தெரியும். பேராசிரியருக்குக் காட்ட அவளிடம் ஒன்றும் இருக்காது, பூட்டி வைத்த குடுவையையும் அவள் கதை என்றுதான் சொல்வார். தெரிந்துதான் சொன்னேன். அவளுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, இவனுக்கு என்ன இருக்கிறது?

சந்திரகலா உண்மையை எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சகாதேவன் அவளைப் பார்த்தான். "அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க பூட்டி வெச்சிருக்கிறது... அதுக்கு நான் ஒண்ணுமே போடலியே. அது செத்திருக்கணுமே?"

அவள் பையிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு நாள் முன்பு தடவியவை. ஒன்று அவன் தினமும் ஊட்டிய நான்காம் குடுவையினுடையது. அது துடைத்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள் சந்திரகலா. "பட்டினி கிடந்தது."

"எப்டிம்மா?"

"சர்க்கரை ஜாஸ்தி இருந்தா அது அவசர அவசரமா தின்னும் சகாதேவா. தின்னு தின்னு சாராயமும் புளிப்பும் கழிக்கும். அந்தப் புளிப்புலயே கிடந்து சாவும். கம்மியா இருந்தா காத்தைச் சேர்த்து மெதுவா எரிச்சுக்கும். பெருகுறதை நிறுத்திட்டு, இருக்கிற உடம்பைப் பழுது பார்த்துக்கினு காத்திருக்கும். நீ சர்க்கரை விடறப்பல்லாம், அது காத்திருக்கிறதை விட்டுட்டு மறுபடி திங்க ஆரம்பிச்சுது."

அவன் வெறுந்தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அய்யா, பேனா குடுங்க" என்றான் முதல்வரிடம்.

"யோசிச்சு எழுது. பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

"யோசிச்சுட்டேங்க."

எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினான். அரைப் பக்கத்துக்கு அரைமணி ஆயிற்று. ஜூலை மாதத்திலும் கார்த்திகையிலும் சந்திரகலா அம்மாவுக்குத் தெரியாமல் கால் பங்குக் குடுவைகளில் நான்தான் குளுக்கோஸ் விட்டேன், அம்மாவின் முதல் கணக்குதான் உண்மை, அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவ்வளவுதான். இரக்கம், பாவம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கீழே சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று முதல்வர் கேட்டார். கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். போட்டேன்.

பேராசிரியர் பரசுராமன் ஏற்றுக்கொண்டார். இன்னும் இரண்டு தடவை செய்யச் சொன்னார், இரண்டு தடவையும் பட்டினிதான் ஜெயித்தது. சந்திரகலாவுக்கு எண்பத்திரண்டில் பட்டம் வந்தது. கமிட்டி சகாதேவனைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய ஆள் நான்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது சொன்னேன். முன்பே தெரிந்ததுபோல் தலையாட்டினான். சாராயம் காய்ச்சுகிறாய் என்று நினைத்து எழுதிக் கொடுத்தவன் நான்தான், உன் வீட்டுக்கு வந்து கூழ்ப் பானையை மோந்து பார்த்தவன் நான்தான், மன்னித்துக்கொள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எல்லாம் தெரியும் சார். தனம் அன்னிக்கே சொல்லிச்சு" என்றான்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்கல்லாம் என்னைத் திருடன்னு நெனச்சிருந்தப்போ வீட்டுக்குப் போனா நல்லா தூங்குவேன் சார். மூணு உசுருக்குச் சோறு போட்டுட்டு வந்திருக்கோம்னு. இப்பத்தான் தூக்கம் வர்றதில்ல."

"அடப் போடா, வெறும் ஈஸ்ட்டுடா அது" என்றேன்.

"தெனம் காலையில உத்து உத்துப் பாத்தேன் சார். பசிக்குது, பசிக்குதுன்னே எனக்குத் தோணிச்சு. அதுக்குப் பசிக்குதான்னு நான் ஒருநாள்கூடப் பாக்கலியே."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். வாட்ச்மேன் வழக்கம்போல் எழுந்துபோய் அவன் டிபன் பையைத் திறந்து சோதனை போட்டான். அப்படிச் சோதிக்கச் சொல்லி இரண்டு மாதம் முன்பு உத்தரவு போட்டவன் நான்தான். சகாதேவன் பையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான்.